ஃபைலும் கையுமாக ஒரு தகப்பன்

குழந்தையின் எடை நாலே கால் கிலோ. குழந்தைக்காக எடுத்துப் போன பை, என் தோள்பட்டை சொன்ன கணக்குப்படி, எட்டு கிலோவுக்குக் குறையாது. பையைச் சுமந்தது தாத்தாவாகிய நான். குழந்தையைச் சுமந்தது பாட்டி. பச்சை உடம்புக்காரியான என் மகள் வெந்நீர் பிளாஸ்க்கைச் சுமந்தாள். குழந்தையின் தகப்பனார், அதாவது எங்கள் மாப்பிள்ளை, ஒரு ஃபைலைச் சுமந்தார்.

ஃபைல் என்றால் டாக்டர் சீட்டைச் சொருகி வைக்கிற சாதாரண அட்டை இல்லை. ஜிப் வைத்தது. உள்ளே பளபளவென்று உறைகள். ஒவ்வொரு உறைக்கும் ஒரு வண்ணக் காகித வால். பிறப்புச் சான்றிதழ் ஒன்றில், ரத்த வகை ஒன்றில், மூன்றாம் நாள் மஞ்சள் பார்த்த ரிப்போர்ட் ஒன்றில், பிரசவத்தன்று கார் நிறுத்திய ரசீதுகூட ஒன்றில். வீட்டுப் பத்திரத்தை நான் இவ்வளவு பதவிசாக வைத்துக்கொண்டதில்லை.

எந்த ஊரில் எந்தக் குழந்தை டாக்டரிடம் போனாலும் இவர்களில் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். முதல் பிள்ளைத் தகப்பன்மார். கண்டுபிடிக்க ஜாதகம் வேண்டாம். "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேளுங்கள். "நாற்பத்து மூணு நாள்" என்று பதில் வந்தால் ஆள் அவர்தான். இரண்டாம் பிள்ளைத் தகப்பன் "ஒண்ணரை மாசம் இருக்கும்" என்பான். மூன்றாம் பிள்ளைத் தகப்பன் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான். அதனால் மகளும் பேத்தியும் திருச்சியில். மாப்பிள்ளை பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனியில். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை விடிகாலையில் வந்து இறங்குவார். மற்ற நாளெல்லாம் என்ன செய்வது? அதற்குத்தான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு எங்கள் எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பால் குடித்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், தூங்கியது, விழித்தது, ஒன்றுக்கு, இரண்டுக்கு, நிறம். இதில் 'ஒன்றுக்கு' என்ற கட்டத்தை நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்த அனுபவத்தை மதித்துக் கொடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்தால் போதும். இங்கே மணிக்கொரு தரம் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கும் போக முடியாது.

என் மனைவிக்கு இந்தக் கணக்கே ஆகவில்லை. "இடது பக்கம் பன்னெண்டு நிமிஷம், வலது பக்கம் ஒம்பதுன்னு மாப்பிள்ளை ஹால்ல நின்னு சத்தமாப் படிக்கிறாருங்க. எதிர்வீட்டு வரைக்கும் கேக்குது" என்று அடுப்படியில் என்னிடம் குசுகுசுத்தாள். மாப்பிள்ளையிடம் நேரே சொல்ல முடியுமா? "பச்சப்புள்ள பால் குடிக்கிறத எண்ணினா கண்ணுதான் படும்" என்று அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். அதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை.

எடை பார்த்த கதை இன்னும் விசேஷம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவது, அப்புறம் தான் மட்டும் ஏறுவது, கழித்தால் குழந்தையின் எடை. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தான் மட்டும் ஏறியது சாப்பாட்டுக்கு முன்னால். குழந்தையோடு ஏறியது சாப்பாட்டுக்குப் பின்னால். நடுவில் மாமியார் வீட்டு மட்டன் குழம்பு. ஒரே மத்தியானத்தில் பேத்தி 900 கிராம் ஏறியிருந்தாள். மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. நான்தான், "மாப்ளே, அந்த 900 கிராம் பிள்ளைகிட்ட இல்ல, உங்ககிட்டதான் இருக்கு" என்று எடுத்துச் சொன்னேன்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்காகத்தான் இந்தப் படையெடுப்பு. தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெரு. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தில்லை நகரில் டாக்டர் பெயரைச் சொல்லித்தான் வழியே சொல்வார்கள். காலை ஆறு மணிக்குப் போன் பண்ணினால்தான் டோக்கன். ஆறு மணி ஒரு நிமிஷத்துக்குக் கிடைத்தது 17.

ஹாலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை முதலில் மேலே பார்த்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, மின்விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். மூலையில் ஒரு பையன் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தான். காற்றோட்டத்தைக் கணக்குப் பண்ணி எங்களை எதிர்மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு எங்கள் கைகளிலெல்லாம் சானிடைசர் ஊற்றினார். பக்கத்தில் இருந்த அம்மாள் தீர்த்தம் என்று நினைத்தோ என்னவோ தானும் கையை நீட்டினாள்.

அந்த அம்மாள்தான் பேத்தியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தலை ஒரு பக்கமா சப்பையா இருக்கே, எண்ணெய் வச்சு உருட்டி விடலையா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை உடனே போனை எடுத்தார். மூன்று நிமிஷத்தில் 32-வது கேள்வி தயாராகிவிட்டது. முந்திய 31 கேள்விகள் வீட்டிலேயே தட்டச்சாகி, இரண்டு பிரதி எடுக்கப்பட்டு, ஃபைலில் இருந்தன. ஒரு பிரதி டாக்டருக்கு.

எதிர்வரிசையில் இரண்டாம் பிள்ளைத் தகப்பன் ஒருவர். பை கிடையாது. நாலாக மடித்த தடுப்பூசி அட்டை சட்டைப் பையில், பஸ் டிக்கெட்டோடு. சின்னது தோளில் தொங்கியபடி தூங்கியது. பெரியது தரையில் கிடந்த முறுக்குத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டது. எங்கள் மாப்பிள்ளை பதறிப்போய் எழுந்தார். அந்த ஆள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது நம்ம முறுக்குதான் சார்" என்றார். டோக்கன் எழுதுகிற பெண் குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டபோது, "தீபாவளிக்கு முந்தின வாரம்மா" என்றார். அந்தப் பெண்ணும் சரியென்று எழுதிக்கொண்டாள். மாப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காசிக்குப் போகிறவன் ஏரோப்ளேனில் போகிறவனைப் பார்க்கிற பார்வை. பொறாமையும் இருந்தது, அவநம்பிக்கையும் இருந்தது.

மருந்துக் கம்பெனி ரெப் இருவர் டையைச் சரிசெய்துகொண்டு நடுவில் உள்ளே போய்வந்தார்கள். ஹால் முழுக்க ஒரே குரலாக உச்சுக்கொட்டியது. பிறகு எங்கள் முறை.

டாக்டர் வயசானவர். என் மகளுக்கும் சின்ன வயசில் மருந்து கொடுத்தவர். "என்னடா குட்டி, நீ அம்மா ஆயிட்டியா?" என்று அவளைத்தான் முதலில் விசாரித்தார். மாப்பிள்ளைக்கு இது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

நர்ஸ் துணியெல்லாம் உருவிக் குழந்தையை எடை மெஷினில் கிடத்தினாள். முள் நிற்பதற்குள் பேத்தி தன் காரியத்தை முடித்துவிட்டாள். மாப்பிள்ளை குனிந்து, "சிஸ்டர், நீங்க எழுதினது போறதுக்கு முன்னாடி ரீடிங்கா, போனதுக்கு அப்புறம் ரீடிங்கா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது, தொழில் அப்படி. நர்ஸ் அவரை ஒரு தரம் பார்த்தாள். "முதல் குழந்தையா சார்?" என்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நாலு கிலோ 250 கிராம். பிறந்தபோது 2.900. டாக்டர் அட்டவணையில் புள்ளி வைத்து, "25-வது பெர்சென்டைல். அருமையா இருக்கா" என்றார்.

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். பத்தாம் வகுப்பில் 491 வாங்கியவர். கல்யாணப் பேச்சின்போதே எங்களுக்கு அது சொல்லப்பட்டிருந்தது. "25-ஆ டாக்டர்?" என்றார் மெல்ல. என் மனைவி அதைவிட மெல்ல என் காதில், "பாஸுக்கு 35 வேணாமா?" என்றாள்.

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். இது மார்க் இல்லை. நல்லபடி வளர்கிற நூறு குழந்தைகளைக் குறைந்த எடையிலிருந்து வரிசையாக நிறுத்தினால் இவள் இருபத்தைந்தாவது. முன்னால் இருப்பவளும் ஆரோக்கியம்தான், பின்னால் இருப்பவளும் ஆரோக்கியம்தான். அடுத்த தடவையும் ஏறக்குறைய இதே கோட்டை ஒட்டிப் போனால் சரி; கோட்டை விட்டுச் சரிந்தால்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கோடுகள் இவை. ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது.

"எந்தெந்த நாடு?" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. இது அவர் பாடம். "பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் நம்ம டெல்லி, அத்தை."

"நார்வேக்காரி பிள்ளையோட நம்ம பிள்ளைய எதுக்கு நிறுத்தணும்? அவ தின்கிறது என்ன, நாம தின்கிறது என்ன?" என்றாள் அவள். தாய்ப்பால் குடித்து, நோய்நொடி இல்லாமல், புகை பிடிக்காத தாயிடம் வளர்கிற பிள்ளை எந்த நாட்டிலும் முதல் சில வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பதுதான் அந்த ஆராய்ச்சி கண்டுபிடித்தது. டாக்டர் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. நார்வே நார்வேதான்.

அடுத்து கேள்வி நேரம். தும்முகிறாள்: நார்மல். விக்குகிறாள்: நார்மல். முக்குகிறாள், முகம் சிவக்கிறது: நார்மல். இடது தோளில் கொப்புளம் மாதிரி ஒன்று, தினம் ஒரு படமாகப் பதினான்கு படம் இருக்கிறது: பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசி, வரத்தான் வேண்டும், தழும்பாக நிற்கும். சப்பைத் தலை: தானே சரியாகும், உருட்ட வேண்டாம். "யூரின் எத்தனை தடவை போறா?" என்று டாக்டரே ஒரு கேள்வி கேட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்தார். ஆறு வாரமாகக் காத்திருந்த கேள்வி. "நேத்து ஒம்பது டாக்டர். முந்தாநாள் எட்டு. அதுல ஒண்ணு மட்டும் சந்தேகம்." என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று நான் மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன்; ஒப்புக்கொண்டேன். "ஆறுக்கு மேல போனாலே போதும்" என்றார் டாக்டர். ஒன்பது என்ற எண் அந்த அறையில் அநாதையாக நின்றது.

இரண்டுக்குப் போகும் விஷயத்தில் மாப்பிள்ளை பேச்சை நம்பவில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மேஜையில் டாக்டரின் டீ இருந்தது. அவர் அதை மெல்லத் தள்ளி வைத்தார். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை கடுகு மஞ்சளாத்தான் போகும். ஒரு நாளைக்கு ஏழு தடவையும் போகும், ஏழு நாளைக்கு ஒரு தடவையும் போகும். ரெண்டும் நார்மல்." ஏழும் ஒன்றும் எப்படி ஒரே விடையாகும் என்று மாப்பிள்ளையால் கட்டத்தில் எழுத முடியவில்லை. பேனா அந்தரத்தில் நின்றது.

இந்த இடத்தில் டாக்டர் குனிந்து பேத்தியின் முகத்துக்கு நேரே 'ங்கு' என்றார். பேத்தி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். தூக்கத்தில் நரி விரட்டும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை. முகத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, நிதானமாகச் சிரித்த சிரிப்பு. ஆறு வாரத்தில் இது வர வேண்டுமாம். நான் பார்த்தேன், மனைவி பார்த்தாள், நர்ஸ்கூடப் பார்த்தாள். மாப்பிள்ளை 19-வது கேள்விக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சிரிக்க வைங்க டாக்டர்" என்றார்.

"அது என் கையில இல்ல சார்."

எந்த மாசம் என்ன செய்யும் என்பது அவருடைய 24-வது கேள்வி. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதற்கு என்றோ அட்டவணை போட்டுவிட்டார்கள் என்று எனக்குச் சொல்ல ஆசை. ஐந்தாம் மாசம் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடை போட்டு வரும் வருகை. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு பருவம். எங்கள் மின்வாரிய பில் கணக்கேதான். அத்தனைக்கும் முதலில் வைத்திருக்கும் பருவத்தின் பெயர் காப்பு. அந்தக் காலத்தில் தெய்வங்களைக் கூப்பிட்டுக் குழந்தையைக் காக்கச் சொன்னார்கள், இந்தக் காலத்தில் டோக்கன் போட்டு ஊசி போடுகிறோம். ஆனால் வெளியே இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"தாய்ப்பாலைத் தவிர வேற ஏதாவது குடுக்கிறீங்களா?" என்றார் டாக்டர் எழுதிக்கொண்டே.

அறையில் சத்தமில்லை. என் மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாதா? வீட்டில் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு சிறு உரைகல். அதன் பக்கத்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. கூடவே வசம்பு, ராத்திரியில் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அதற்குப் பேர் சொல்லா மருந்து என்றே பெயர். ஞாயிறும் புதனும் தலைக்கு ஊற்றிய பிறகு இரண்டு இழைப்பு. ஷீட்டில் ஏறாத உண்மை அது ஒன்றுதான். மாப்பிள்ளை கம்பீரமாக, "எதுவுமே குடுக்கறதில்ல டாக்டர், தண்ணிகூட" என்றார். டாக்டர் நிமிர்ந்து பாட்டியைப் பார்த்து, "ஆறு மாசம் வரைக்கும் எதுவும் வேணாம்மா. உரை மருந்தும் வேணாம், கிரைப் வாட்டரும் வேணாம்" என்றார், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்டு என்பவர் செய்தது. அதன் ஆதிக் கலவையில் கொஞ்சம் சாராயமும் உண்டு. என் தலைமுறை அவ்வளவு சமர்த்தாகத் தூங்கி வளர்ந்த ரகசியம் அதுவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு ஊசி. "வலியில்லாத ஊசியா, சாதா ஊசியா?" என்பது கிளினிக்குகளில் புழங்குகிற பேச்சு. இரண்டிலும் ஊசி குத்தத்தான் செய்யும். கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று போட்டது ஒன்று. அதில் வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துப் போட்டது மற்றது. இரண்டாவதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, விலை ஆயிரக்கணக்கில் அதிகம். முதல் வகையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் காசில்லாமல் போடுகிறார்கள். என் மகளுக்கெல்லாம் அங்கேதான். மாப்பிள்ளை இரண்டையும் பற்றிப் பதினோரு கட்டுரை படித்துவிட்டு, முடிவை மகளிடம் விட்டுவிட்டார்; மகள் அம்மாவிடம் விட்டாள்; அம்மா, "பிள்ளைக்கு வலிக்காததைப் போடுங்க" என்றாள். ஒரு நொடியில் தீர்ந்தது.

முதலில் வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்து. சப்புக்கொட்டிக் குடித்தாள். பிறகு இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று. குழந்தையின் காலைப் பிடிப்பது எப்படி என்று மாப்பிள்ளை வீடியோ பார்த்துத் தலையணையை வைத்து ஒத்திகை நடத்தியிருந்தார். அந்தத் தலையணைக்கு இப்போதும் அந்தப் பிடியின் பள்ளம் இருக்கிறது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பிடித்தார். நர்ஸ் ஊசியின் மூடியைக் கழற்றினாள். அவ்வளவுதான். அவர் கை இரண்டும் தளர்ந்தன, நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது, உடம்பு பின்னால் சாய்ந்தது. நாற்காலி அங்கே தயாராக இருந்தது. "உக்காருங்க சார்" என்றாள் நர்ஸ், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

காலை நான் பிடித்தேன். பேத்தி ஒரு வீறு வீறினாள், அம்மா மார்பில் போட்டதும் அடங்கிவிட்டாள். எத்தனை விநாடி அழுதாள் என்ற கட்டம் காலி. குறிக்க வேண்டியவருக்கு நர்ஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, தேதி எழுத டாக்டர் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். மாப்பிள்ளை தேறி எழுந்து, ஃபைலின் முதல் உறையிலிருந்து அதைப் பெருமையோடு உருவிக் கொடுத்தார். டாக்டர் பேனாவை வைத்தார். எழுதவில்லை. உதறிப் பார்த்தார். வேறு பேனா எடுத்தார். அதுவும் வழுக்கியது.

அட்டை லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

"நனைஞ்சிடக் கூடாதுன்னு..." என்றார் மாப்பிள்ளை.

நாற்பது வருஷ சர்வீஸில் டாக்டருக்கு இது முதல் தடவையாம். அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தெர்மாமீட்டர், ஒரு கையில் போன் வெளிச்சம். "99.2 மாமா. 100.4 வந்தாத்தான் மருந்து. மூச்சு நிமிஷத்துக்கு 42, அறுபது வரைக்கும் பயமில்ல" என்றார். "நீங்க போய்ப் படுங்க மாப்ளே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அசையவில்லை. என் மகளுக்கு ஊசி போட்ட ராத்திரிகளில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வந்து "போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டது ஞாபகம் இருக்கிறது. 1995-ல் பல்ஸ் போலியோ ஆரம்பித்தபோது சொட்டு மருந்துக்கு ஒரு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் அவள் அம்மாவின் ராஜ்யம். தொட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஷீட்டில் பத்து என்று போட்டேன்.

பத்தாவது வார ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லேமினேஷன் போட்ட கடையில் விசாரித்துவிட்டேன். பிரிக்க முடியாதாம், பிரித்தால் அட்டையும் உரிந்து வருமாம். வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.